லெம்பி விற்ற வண்டிவீடு

லெம்பி காங்கஸும் அவள் தம்பி ரெய்னோவும் கல்யாணம் என்ற பேச்சே இல்லாமல் ஐம்பதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில், எங்கள் பக்கத்து வீடு. அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். அவன் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அவர்களிடம் ஒரு டிரெய்லர் இருந்தது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. வெண்ணெய் நிறத் தகர உடம்பு, உள்ளே எதிரெதிரே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, மடக்கினால் இன்னொரு படுக்கையாகும் மேஜை.

பனி உருகிச் சாலை காய்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஏரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் அவர்களுக்குக் கோடை. "படுத்துக் கிடந்தா கூரையில மழை விழும். நின்ன இடத்துலயே வீடு மெதுவா மிதந்து போற மாதிரி இருக்கும். காலையில கதவத் திறந்தா வேற தண்ணி, வேற மரம்" என்று லெம்பி ஒரு முறை என்னிடம் சொன்னாள். அப்படிச் சொன்னபோது அவள் கண் பாதி மூடியிருந்தது.

ஒரு கோடையில், முகாமில் அடுத்த இடத்தில் கூடாரம் போட்டிருந்த வெர்னா உப்புக் கேட்டு வந்தாள். கணவனை இழந்தவள், நல்ல சிரிப்பு. யாரிடமும் நாலு வார்த்தை பேசாத ரெய்னோ, உப்பை எடுத்துக்கொடுத்துவிட்டு அவளோடு அவள் கூடாரம் வரைக்கும் பேசிக்கொண்டே போனான். இலையுதிர்காலத்தில் கல்யாணம்.

"அம்பத்தேழு வயசுல மாப்பிள்ளை! பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. நல்லா யோசிச்சியா?" என்று தேவாலய வாசலிலேயே வெர்னாவைக் கேட்டாள் லெம்பி.

"எனக்கும் தெரியாது அண்ணி. பொத்தான் இல்லாத சட்டையா வாங்கிக்குவோம்" என்றாள் வெர்னா.

ரெய்னோ வெர்னாவின் ஊருக்குக் குடிபோனான். ஆனாலும் கோடை வந்ததும், "வழக்கம்போலப் போறோம். மூணு பேரா" என்று வந்து நின்றான்.

மூன்று பேருக்கு அந்த வீடு போதவில்லை. ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் காலை மடக்க வேண்டும். அதைக்கூடச் சிரித்தே சமாளித்தார்கள். இரண்டாம் நாள் விடியலில் லெம்பிக்கு விழிப்பு வந்தது. எதிர்ப்படுக்கையில் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காப்பிக்கு யார் எழுந்திருப்பது என்று. லெம்பி சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே இறங்கினாள்.

ஏரி முழுக்க மூடுபனி. கரைக்கூழாங்கல்லில் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தாள். டிரெய்லரைக் காணோம். வெள்ளைக்குள் எங்கோ கரைந்துபோயிருந்தது. ஒரு காலத்திலும் அப்படி ஒன்று இருந்ததில்லை போல. பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. பால் குடித்துத் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி உடம்பு லேசாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்து, காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். "இத வித்துரலாம்னு இருக்கேன்."

"எத?" என்றான் ரெய்னோ.

"நீ உக்காந்திருக்கியே, இத."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "எங்க மேல கோவமாக்கா?"

"கோவமிருந்தா அந்தக் காப்பி உன் தலையில இருக்கும்."

வெர்னா முகம் வாடிக் கேட்டாள்: "நான் வந்ததாலயா அண்ணி?"

லெம்பிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா, நீ வந்ததாலதான். அதுல என்ன தப்பு? நீ வரலன்னா நாங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் இதையே இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருப்போம்."

"நீ தனியா என்ன செய்வ?" என்றான் ரெய்னோ.

"தெரியல. தெரியாததும் நல்லாத்தான் இருக்கு."

ரெய்னோ அன்று பொழுது சாயும்வரை தூண்டிலோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தான். இரவு வெர்னாதான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ரொட்டியும் மீனும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. ஊருக்கு வெளியே காட்டோரம் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். கூரை ஏறும்வரை டிரெய்லரில் குடித்தனம். மனைவிக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கணவன் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.

"மழை பெஞ்சா கதவு இறுகிக்கும். தோளால ஒரு இடி இடிக்கணும்" என்று லெம்பியே குறையைச் சொன்னாள்.

அதற்குள் அந்தப் பெண் படுக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். கணவன் பதறி எழுப்பப் போனான். லெம்பி குறுக்கே கை நீட்டினாள். "விடுப்பா. அந்தப் படுக்கை அப்படித்தான்." கொக்கி மாட்ட வந்திருந்த ரெய்னோவும் அவர்கள் இருவருமாகப் படியோரம் உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றபடி காத்திருந்தார்கள். பிர்ச் மரங்களின் நிழல் தகரத்தின் மேல் ஊர்ந்து போனது. அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது பேரம் முடிந்திருந்தது.

கொக்கியை மாட்டிவிட்டு, எதையோ தேடுபவன்போல விறகுக்கொட்டகைக்குப் பின்னால் போனான் ரெய்னோ. டிரெய்லர் சாலைத் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் வந்தான். லெம்பி அன்று அழவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பை மடிக்கும்போது, யாரோ குழாயைத் திறந்துவிட்டது மாதிரி அழுதாளாம்.

மறு கோடையில் அவள் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறினாள். ஏரி நடுவில் சாலையே இல்லாத தீவுக்கு. ஒரு வாரம் கழித்து, கன்னம் சிவக்க வெயில்பட்டுத் திரும்பினாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"என்ன பாத்த?"

"மூடுபனி."

"அவ்வளவுதானா?"

"ஒரு பெரிய மூஸ் மான் இடுப்பளவு தண்ணியில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்துது. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேருக்கும் எங்கயும் போற அவசரமே இல்ல." பையை இறக்கி வைத்தாள். "அடுத்த வருசம் நீயும் வாயேன்."

பார்க்கலாம் என்றேன்.