இசக்கியம்மாளின் கடாவுக்கு நான் மாற்றிய தீவனம்

1. சல்லடை

புதுக்கோட்டைக் கொட்டகைக்குப் போன முதல் நாளே சாணியைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் அலசினேன். கால்நடை ஊட்டச்சத்துப் படிப்பை முடித்து, ஒரு தீவன மில்லில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொட்டகையில் இறைச்சிக்காக வளர்க்கும் பத்து எருமைக்கடாக்கள். ஒன்பது, முதலாளி செல்வராஜ் அண்ணாச்சியுடையவை. பத்தாவது, அங்கே வேலை பார்க்கும் இசக்கியம்மாளுடையது. அதை விற்றுத்தான் ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக்கூரைக்கு ஷீட் போட வேண்டும் என்று அன்றே சொன்னார்.

சல்லடையில் மக்காச்சோளம் முழுசு முழுசாகக் கிடந்தது.

“அண்ணாச்சி, நீங்க போடுத மாவுச்சத்து செரிக்காமலே வெளிய வந்துருது.”

அண்ணாச்சி சாணிமேட்டைக் கிளறும் கோழிகளைப் பார்த்தார். “அதான் இதுக இந்தக் கொழுப்பு கொழுத்து அலையுதா? ஏளா இசக்கி, நாம கடா வளக்கல, கோழில்லா வளக்கோம்!”

“கோழியும் ஒங்களுதுதான அண்ணாச்சி. நட்டம் எனக்குத்தான்” என்றார் இசக்கியம்மாள்.

2. மாவு

சோளத்தை மாவாக அரைக்கச் சொன்னேன். கடலைப் புண்ணாக்கையும் கூட்டினேன். சிறுகுடலுக்குப் புரதம் போய்ச் சேர்ந்தால் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கணையத்தில் கூடுதலாகச் சுரக்கும் என்று படித்திருந்தேன். அதைக் கால் மணி நேரம் விளக்கிவிட்டு, “இனி அவ்வளவும் சதையாயிரும்” என்று முடித்தேன்.

சிறுகுடலுக்கு முன்னால் பெருவயிறு இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் முழுச் சோளத்தை மெதுவாகத்தான் உடைக்கும். மாவு என்றால் வேகமாகப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். அதனால் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். மாதக் கடைசிக்குள் எடை ஏறியதைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் முழு அளவையும் ஒரே நாளில் மாற்றினேன்.

3. போன்

மூன்றாம் நாள் காலை, வேம்பார் பஸ்ஸில் இருந்தபோது இசக்கியம்மாள் கூப்பிட்டார்.

“சார், எங் கடா அச போட மாட்டேங்கு. சாணி தண்ணியாப் போகுது, புளிச்ச வாட வேற அடிக்கி.”

“புதுத் தீவனம்லா அக்கா. ரெண்டு நாள்ல பழகிரும்.”

“சரி சார். நீங்க படிச்சவிய.”

கிண்டலாகச் சொல்லவில்லை. நானும் வேம்பாரில் இறங்கி, இன்னொரு கொட்டகையில் சல்லடையை எடுத்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி கூப்பிட்டார். அதுவரை ‘தம்பி’ என்றவர். “ஏலே, எங்கன இருக்க? இசக்கி கடா விழுந்துட்டு. வாலே சீக்கிரம்!”

நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டு டாக்டர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, டிரிப்பும் ஏற்றியிருந்தார். மற்ற ஒன்பதும் சோர்ந்திருந்தாலும் நின்றன. இது கழுத்தை விலாப் பக்கம் மடித்துக் கிடந்தது. பொழுது சாயுமுன் செத்துப்போனது.

“இதுக்கு மட்டும் எவ்வளவு வச்சிய?” என்று கேட்டேன்.

இசக்கியம்மாள் அதன் வாய்நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். “மத்ததுக்கு நீங்க சொன்ன அளவுதான் சார். இதுக்கு நேரத்துக்கு ரெண்டு கை கூடுதலா வச்சேன். அவ்வளவும் சதையாயிரும்னு சொன்னியல்லா. மழைக்கு முன்ன தேறிரும்னு பாத்தேன்.”

“சவத்த விடுளா” என்று ஆரம்பித்துவிட்டு அண்ணாச்சி மண்வெட்டி எடுக்கப் போனார்.

அந்த மழையை இசக்கியம்மாளின் வீடு பழைய ஓலையின் மேல் தார்ப்பாய் போட்டுத்தான் தாண்டியது. இப்போதும் அதே கொட்டகையில்தான் இருக்கிறார். தீவனம் வைக்கும் முன் ஒவ்வொரு தொட்டிக்கும் எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்டு, தராசில் நிறுத்துத்தான் கொட்டுகிறார். கையால் அள்ளி வைப்பதை விட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு தீவனம் எவ்வளவு நல்லது என்று நான் சொன்னேன். கூடினால் கொல்லும் என்று சொல்லவில்லை. அதை முதலில் சொல்லுங்கள்.