அத்ரி மலைப் பாதையும் இனிப்பில்லாத என் சாப்பாட்டுப் பையும்

என் கணவர் செல்வத்துக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகிறது. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் ஷிப்ட் வேலை. தினமும் நடந்து, சாப்பாட்டையும் ஒழுங்குபண்ணி ஒன்பது கிலோ குறைந்திருந்தார். “ஒரு மலை ஏறிப் பாத்திருவோம் டீச்சர்” என்றார். (நான் பள்ளியில் மனையியல் ஆசிரியை. வீட்டிலும் அதே பெயர்தான்.) ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அத்ரி மலைக் கோயிலுக்குக் கிளம்பினோம்.

முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஆறு, கொண்டைக்கடலைச் சுண்டல், வறுத்த நிலக்கடலை, மூன்று லிட்டர் தண்ணீர். பையில் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

காலை 5.40 பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சி. அங்கே அவர் இரண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மலையடிவாரத்துக் கடனா அணைக்கு ஆட்டோ 250 ரூபாய். வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு, வழிகாட்டியாக வந்த சுடலை அண்ணாச்சியோடு 7.30க்கு நடக்க ஆரம்பித்தோம். மேலே கோயில்வரை சுமார் ஆறு கிலோமீட்டர்.

பாதி வழியில் ஓடைக்கரையில் பையைத் திறந்தேன். “மேல போய்த் திங்கலாம். வயிறு நெறஞ்சா ஏற முடியாது” என்றார் என் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

9.50க்கு, செங்குத்தான ஏற்றத்தில் சட்டென்று உட்கார்ந்தார். குளிர்காற்றிலும் சட்டை நனைந்திருந்தது. “தலை சுத்துதா?” என்று கேட்டேன்.

“பஸ்ஸு வந்துட்டா?” என்றார்.

மலையில் ஏது பஸ்? சர்க்கரை பார்க்கும் கருவியில் விரல் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தேன். 58. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அடையும் கடலையும் நல்ல சாப்பாடுதான், ஆனால் ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். வகுப்பில் இதைப் பாடமாக நடத்துகிறவள் நான்.

“அண்ணாச்சி, இனிப்பா எதுவும் வச்சிருக்கியளா?”

“கடுங்காப்பிக்குக் கருப்பட்டி இருக்கு டீச்சர். பதறாதிய.”

நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 69. இன்னொரு தம்ளர் கொடுத்தோம். அப்புறம் 98. முகம் தெளிந்த பிறகு இரண்டு அடை சாப்பிட்டார்.

“இன்னும் ஒரு கிலோமீட்டர்தான? ஏறிருதேன்” என்றார்.

“ஏறிருவிய. எறங்கும்போது மறுபடி இப்படி வந்தா நான் ஒருத்தன் என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி.

“எறங்குவோம்” என்றேன்.

“அப்ப நீ மட்டும் போய்க் கும்பிட்டுட்டு வா” என்றார் என் கணவர்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவரும் அணைவரை வந்தார். ஒரு மணிக்கு அணைக்கரையில் பார்த்தபோது சர்க்கரை 131.

“ரெண்டு இட்லிக்கு முழு மாத்திரை போட்டது என் தப்பு” என்றார்.

“இனிப்பே எடுக்காதது என் தப்பு” என்றேன்.

சர்க்கரை நோயோடு மலையேறுகிறவர்கள் மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மணிக்கொரு தடவை, பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள். குளுக்கோஸோ கருப்பட்டியோ பையில் வேண்டாம், சட்டைப்பையில் இருக்கட்டும். வனத்துறை அனுமதி நாளுக்கு நாள் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோயில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. திரும்பியதில் வருத்தமும் இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.