ஒன்றும் செய்யாத பம்பு

மருந்துக்கடையில் மருந்தை விற்பது ஐந்து நிமிட வேலை. வாங்கிக்கொண்டு போனவரை வீட்டில் அதைத் தொட வைப்பதுதான் மாசக்கணக்கில் இழுக்கும் வேலை.

நான் வேலை செய்வது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், பெரிய ரோட்டோரம் இருக்கும் ஒரு பார்மசியில். மருந்தாளர் மிஸ் வோங். நான் சேர்ந்தபோது அவருக்குத் தமிழ் வராது. அதனால் தமிழில் பேசிக்கொண்டு வருகிறவர்களெல்லாம் என் தலையில். முக்கியமாக இழுப்புக்காரர்கள், ஆஸ்துமா என்று நாகரிகமாகச் சொல்கிறவர்கள். பம்பை எப்படிப் பிடிப்பது, எப்படி அமுக்குவது, எப்படி மூச்சை உள்ளே வாங்குவது என்று காலிப் பம்பை வைத்துச் செய்து காட்டுவது என் வேலை. எனக்கு ஏழு வயதிலிருந்தே இழுப்பு. அந்த அனுபவம் போதும் என்று மிஸ் வோங் நினைத்திருப்பார்.

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பம்பு, அதாவது இன்ஹேலர், இரண்டு வகை. நீலம், மூச்சு அடைக்கும்போது எடுப்பது. உடனே வேலை செய்யும். காப்பிக் கலர், நன்றாக இருக்கும்போதும் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று தினமும் எடுப்பது. இழுப்பு வராமல் தடுப்பது அதுதான். ஆனால் எடுத்ததும் நெஞ்சில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்கேதான் எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது.

என் வம்பை முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் பெரிய மனுஷி மாதிரி மற்றவர்களைத் திட்டுகிறேன் என்பீர்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்னால் நாலு மாதம் எனக்கு இழுப்பே வரவில்லை. குணமாகிவிட்டது என்று காப்பிக் கலர் பம்பை டிராயரில் போட்டேன். சரித்திரத் தாள் அன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரோ குப்பை கொளுத்தினார்கள். பாதித் தாளில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சரித்திரம் பெயில். சரித்திரம் பாஸாகாவிட்டால் மற்ற பாடமெல்லாம் பாஸானாலும் சர்டிபிகேட் கையில் வராது. சர்டிபிகேட் இல்லாமல், ஈப்போவில் நான் சேர நினைத்த ஏர்கோன் என்கிற ஏ.சி. மெக்கானிக் டிப்ளோமாவும் கிடையாது. மறுதேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. இந்தத் தடவை மூச்சுக்காக மண்டபத்தை விட்டு எழுந்து வரமாட்டேன் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வேலைக்கே வந்தேன். இதைப் படிக்கும் இழுப்புக்காரர்களே, உங்கள் டிராயரிலும் ஒன்று கிடக்கும். எனக்குத் தெரியும்.

நல்ல சேலை

பார்வதி அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். சம்பலுக்கு மிளகாய் வதக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு அடைக்கும். கிளினிக்கில் காப்பிக் கலர் பம்பு கொடுத்து ஒரு மாதமாகியும் இழுப்பு அடங்கவில்லை என்று எங்கள் கடைக்கு வந்தார். பம்பைக் கொண்டு வாங்க, பார்க்கலாம் என்றேன். மறுநாள் மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். பம்பின் மேல் குங்குமப் பொட்டு. மூடிகூடத் திறக்கவில்லை. சாமி மேடையில் வைத்திருந்தாராம். பெரிய டாக்டர் கொடுத்தது, அதனால் நீலத்தை விடச் சக்தி அதிகம், உயிர் போகிற நேரத்துக்கு வேண்டும் என்று பத்திரம் பண்ணியிருக்கிறார்.

“அக்கா, உயிர் போற நேரத்துக்கு நீலம். இது, அந்த நேரமே வராம இருக்க. தினமும் எடுக்கணும்” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

“நல்ல சேலைய தினமுமா கட்டுவாங்க தங்கச்சி? தீபாவளிக்குக் கட்டத்தானே எடுத்து வைப்போம்!”

ரெண்டு ஹாரன்

செல்வம் அண்ணன் லாரி ஓட்டுகிறார். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட தோட்டங்களிலிருந்து குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போவார். மூன்று வாரத்துக்கு ஒரு நீலப் பம்பு வாங்குவார். மிஸ் வோங் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீலம் எடுக்கிற நெஞ்சு நல்ல நெஞ்சு இல்லை என்று அவரைக் கிளினிக்குக்குத் துரத்தினார். அங்கே காப்பிக் கலர் கொடுத்தார்கள். மூன்றாவது நாளே அதைக் கொண்டு வந்து கவுண்டரில் டொக்கென்று வைத்தார்.

“வெறும் காத்துதான் வருது. இந்தப் பம்பு ஒன்னும் செய்யாது.”

“அண்ணே, பிரேக்க அமுக்குறீங்க, லாரி நிக்குது. அது நீலம். மாசா மாசம் வர்க்‌ஷாப்ல விட்டு அந்தப் பிரேக்க சர்வீஸ் பண்றீங்களே, அது காப்பிக் கலர். சர்வீஸ் பண்ணலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“சரித்திரத்துல கோட்டை விட்ட பிள்ளை எனக்கு லாரி சொல்லிக் குடுக்குதா?”

சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்குச் சுரீரென்றது. ஆனால் விடவில்லை. “சரி, பந்தயம். என் பரீட்சை வரைக்கும் நானும் ஒரு நாள் விடாம எடுக்குறேன், நீங்களும் எடுங்க. யாரு முதல்ல விடுறாங்கன்னு பாக்கலாம்” என்றேன். மிஸ் வோங் காலண்டரில் எங்கள் இருவருக்கும் கட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டினார். என் கட்டத்தை நான் நிரப்பிவிடுவேன். அவர் எடுத்தாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் தினமும் பத்து மணிக்கு எங்கள் கடையைத் தாண்டித்தான் மில்லுக்குப் போகிறார். வழியை அவரே சொன்னார்.

“ரெண்டு தடவை எடுத்தேன்னா ரெண்டு ஹாரன். ஹாரன் வரலைன்னா, அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லன்னு தெரிஞ்சுக்க!”

சிரப் போத்தல்

காதர் பாய்க்கு எங்கள் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. பம்பு எடுப்பதைச் சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவர்களை நம்பவே கூடாது என்பது என் கட்சி. “எடுத்துக் காட்டுங்க பாய்” என்றேன். தே தாரிக் டீயை ஆற்றுகிற மாதிரி ஒரு முழம் தள்ளிப் பிடித்து அமுக்கினார். மருந்து மூக்கு, மீசை, கண்ணாடி எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது, வாயைத் தவிர.

கிட்டே வைத்தாலும் அவருக்கு அமுக்குவதும் மூச்சை வாங்குவதும் ஒரே நேரத்தில் வரவில்லை. அதற்கு ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. ஒரு முனையில் பம்பைச் சொருகி, மறுமுனையில் வாய் வைத்து நிதானமாக மூச்சு வாங்கலாம். அன்று கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. வருகிற வரைக்கும், சுத்தமான தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பு வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று மிஸ் வோங் செய்து காட்டினார். பாய் அதற்கும் தலையாட்டினார். மறுநாள் அவர் கொண்டு வந்தது ரோஸ் சிரப் போத்தல். உள்ளே சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எறும்பு வேறு. நான் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவருக்கு வருத்தம்.

“கசப்பு மருந்துதானேம்மா, கொஞ்சம் இனிப்பா இறங்கட்டுமேன்னு பாத்தேன்.”

தினேஷின் கை

தினேஷ் என்னோடு படித்தவன். சரித்திரத்தில் பாஸ். அதிலேயே எனக்கு அவன் மேல் ஒரு கடுப்பு. அவனுக்கும் இழுப்பு உண்டு. காப்பிக் கலர் பம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அவன் அம்மா அதைக் குப்பையில் வீசினார். அதே செய்தியைக் கேட்டுவிட்டு இவன் குப்பையிலிருந்து எடுத்து, கழுவி, வீட்டுக்குத் தெரியாமல் எடுக்க ஆரம்பித்தான். இழுப்புக்காக இல்லை. ஜிம்முக்குப் போகிறான்.

இது உடம்பு ஏற்றுகிற அந்த ஸ்டீராய்டு இல்லை, அளவும் ரொம்பக் கொஞ்சம், அது நுரையீரலுக்குப் போகிறது, உன் கைக்கு இல்லை என்று அவனிடமும் சொன்னேன், அவன் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா புரிந்துகொண்டார். இவன் ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் வந்து, சட்டைக் கையை மடித்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக் காட்டினான். இருமல் போயிருந்தது. ஜிம்மில் ஓடும்போது மூச்சு வாங்குவதில்லையாம். அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

“அப்படியேதான் இருக்கு பாரு. உங்க கடையில விக்கிறது ஒரிஜினல்தானா?”

வெள்ளை நாக்கு

இது என் கதை. காப்பிக் கலர் எடுத்தால் உடனே வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்கிறேன். நானோ காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பம்பை எடுத்துவிட்டு, சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். ஒரு மாதத்தில் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. குரல் தவளை மாதிரி ஆனது. வெளியே தெரிந்தால், பம்பை நிறுத்தக் காரணம் தேடுகிறவர்களுக்கு நானே காரணமாகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் மிஸ் வோங்குக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்கு மருந்து எடுத்துக் கொடுத்தார். அப்புறம், என் பக்கத்தில் நின்று நின்றே கற்றுக்கொண்ட தமிழில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“நீ எல்லாருக்கும் சொல்லு. நீ செய்யல. நீ ரேடியோவா?”

ஹாரன் வராத நாலு நாள்

ஆறு வாரம் ரெண்டு ஹாரன் தவறவில்லை. லாரியில் ஏறி இறங்கினால் முன்பு மாதிரி மூச்சு வாங்குவதில்லை என்று செல்வம் அண்ணனே சொன்னார். நீலப் பம்பு வாங்க வருவதும் நின்றுபோனது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை லாரி போனது, ஹாரன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனும் இல்லை, வியாழனும் இல்லை. சொன்னபடி மனுஷன் பொய் மட்டும் சொல்லவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. காலண்டரில் காலியாகக் கிடந்த நாலு கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது.

வெள்ளிக்கிழமை லாரி கடைக்கு முன்னாலேயே நின்றது. அவர் இறங்கி வந்தார். உதடு சாம்பல் நிறம். “தங்க” என்றார். “ச்சி” வருவதற்கு இன்னொரு மூச்சு தேவைப்பட்டது. கையில் இருந்த நீலப் பம்பு காலி. மிஸ் வோங் அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார், என்னை ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னார், புது நீலப் பம்பை ஸ்பேசரில் சொருகி ஒவ்வொன்றாக அமுக்கினார். போனை வைத்துவிட்டு நான் ஸ்பேசரைப் பிடித்துக்கொண்டேன். “இழுங்க அண்ணே. மெதுவா. இன்னொன்னு. இழுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பரீட்சை அன்று நான் எப்படி இருந்திருப்பேன் என்று அப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. அவர் திரும்பி வந்தபோது திட்டுவதற்கு நான் பெரிய பட்டியலே வைத்திருந்தேன். முதலில் ஏன் விட்டீங்க என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை, வார்த்தை மாறாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானே மிஸ் வோங்கிடம் மலாயில் சொல்லியிருந்தேன்.

“நல்லாயிருந்துச்சுலா, அதான் விட்டேன்.”

பதினேழாம் நம்பர் மேசை

பரீட்சை அன்று காலையில் இரண்டு தடவை எடுத்தேன். நன்றாகக் கொப்பளித்தேன். அதே பள்ளிக்கூடம், அதே மண்டபம், எனக்குப் பதினேழாம் நம்பர் மேசை. நீலப் பம்பை மேசையில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். கண்காணிப்பு ஆசிரியை பம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாள் கொடுத்து அரை மணி நேரம் ஆகவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் புல்வெட்டும் மிஷினைக் கிளப்பினார். பெட்ரோல் புகையும் புல்தூசியும் சேர்ந்து உள்ளே வந்தன. நான் பேனாவை வைத்துவிட்டு என் நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். அடைக்கப் போகிறது, இதோ அடைக்கப் போகிறது என்று. ஆசிரியை ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினார். இருமல் வந்தது, அவருக்கு. எனக்கு மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, அவ்வளவுதான். காத்திருந்ததில் ஒரு நிமிடம் வீணானதுதான் மிச்சம். பேனாவை எடுத்தேன்.

பத்து மணிக்குப் பெரிய ரோட்டில் ஒரு லாரி ரெண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் என்றுகூடத் தெரியாதா என்று ஆசிரியை மலாயில் முணுமுணுத்தார். நான் தலையைத் தூக்கவில்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதினேன். நீலப் பம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் செல்வம் அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“எழுதிட்டியா?”

“முழுசா எழுதிட்டேன்.”

“நெஞ்சு அடைச்சுச்சா?”

“இல்ல அண்ணே.”

“கொஞ்சங்கூட?”

“ஒன்னுமே ஆகல.”

கவுண்டரில் சாய்ந்துகொண்டு, மிஸ் வோங்குக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“பாத்தியா? அந்தப் பம்பு ஒன்னும் செய்யாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா!”

ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிப்பு, நன்றாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கு என்னிடமிருந்து இலவசமாக ஒரு திட்டு.