உள்ளான் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மலையேறி வருகிற கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான் வரும். எனக்கு ஓய்வு என்றால் வெள்ளிக்கிழமை மதியம்தான். தொழுகை முடிந்து சாப்பிட்டதும் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாகலூர் பஸ் ஏறிவிடுவேன். ஊர் ஏரியில் படகும் கூச்சலுமாக இருக்கிறது, பறவைக்கு அங்கே என்ன வேலை? நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு குட்டை இருக்கிறது. அதன் ஓரமாக நீளமாக மணல் ஒதுங்கிக் கிடக்கும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் உள்ளான் அந்த மணலில்தான் இரை தேடும்.

சின்னப் பறவை. ஒரு நிமிடம் சும்மா நிற்காது. பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் ஆள் வாடை பட்டால் போதும், விருட்டென்று போய்விடும். அதனால் மறைந்து உட்கார்வதுதான் பறவை பார்க்கிறவர்கள் வழக்கம். அன்றைக்கும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உண்ணிப் புதருக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தேன். என் கோலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் சொல்லப்போவதற்கு அது தேவைப்படும்.

உள்ளான் வந்தது. தண்ணீர் ஓரமாகவே வலப்பக்கம் நடந்தது. நானும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கூடவே திருப்பிக்கொண்டு போனேன். ஒரு வளைவில் பறவை மறைந்தது. அந்த இடத்தில் கலங்கலாக ஏதோ சிவப்பு நிறம் தெரிந்தது. இத்தனை வருடப் பழக்கம், விரல் தானாகக் குமிழைத் திருப்பிவிட்டது. படம் தெளிந்தது. பாவாடையை மாரளவு ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளும் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, புதருக்குள்ள ஆளுடி!”

தண்ணீருக்குள் இருந்த இன்னும் சில பெண்கள் அலறிக்கொண்டு துணியை அள்ளினார்கள். பேசாமல் ஓடியிருக்கலாம். மடையன் நான், எழுந்து நின்றேன். “பறவைங்க! பறவை பாக்கறேனுங்க!” என்று கத்தினேன். நான் போட்ட சத்தத்தில் உள்ளான் பறந்தே போய்விட்டது. முதலில் பார்த்த பெண் சேலையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “எங்கீங்க பாய், பறவையக் காணோமே?”

பாய் என்றாளே, உயிரே போய்விட்டது. அவளுக்கு என்னைத் தெரியும். எனக்கும் அவளைத் தெரியும். எஸ்டேட் லயன் வீட்டில் குடியிருப்பவள். காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள். சம்பளம் வாங்கினதும் எங்கள் கடைக்கு வந்து டீத்தூளும் சோப்பும் வாங்குகிறவள். சந்தையில் என் மானம் கப்பலேறப் போகிறது, இனி எந்தப் பெண்பிள்ளை என் கடைப் படி ஏறுவாள் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அப்படியும் எல்லோரும் அதையே பார்ப்பது போலிருந்தது.

மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று உள்ளூர ஓர் ஆசை. சிரிக்கவில்லை. “அந்த மணல்ல எந்த மாசம் என்ன பறவை வரும்னு உங்களுக்குத் தெரியுது. சாயங்காலமானா அங்க பொம்பளைங்க குளிக்க வருவாங்கன்னு மட்டும் தெரியாதுங்களா?” என்றாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் என்ன வேணும்னா பார்த்தேன்?” என்று எகிறினேன். அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

நான் பயந்தது நடக்கவில்லை. சந்தையில் ஒருவரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. அந்தப் பெண்ணே ஒருநாள் கடைக்கு வந்தாள். அவள் தலையைக் கண்டதும் உள்ளே சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கல்லாவில் மனைவி இருந்தாள்.

“அன்னிக்கி அவரு தெரியாமப் பண்ணிட்டாரும்மா. மனசுல வெச்சுக்காத. இனிமே அந்தப் பக்கமே வரமாட்டாரு” என்றாள் மனைவி.

“அய்யோ, உடுங்கக்கா. பாய் நல்ல மனுசன், தப்பாப் பாக்கற ஆளில்லைன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? ஊருல யாருகிட்டயும் நாங்க மூச்சு உடலீங்க.” பிறகு சொன்னாள்: “மனசுக்குத் தெரியுதுங்கக்கா, ஒடம்பு கூசுதுங்க. அங்க போயி நின்னா எந்தப் பொதரப் பாத்தாலும் ஆளு இருக்கற மாதிரியே இருக்குது. அதனால யாரும் போறதில்லீங்க. லயன்ல இருக்கறது ஒரே பைப்பு. தண்ணி நூலாட்டம் வருது. நொம்ப செரமமுங்க.”

என் பெயர் தப்பியது. அல்லாவே, அதற்காகத்தானே அத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன்! வேலை முடிந்து, கை காலெல்லாம் காப்பிப் பிசுக்கோடு வருகிறவர்கள் ஆசைதீரத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள இருந்த இடம் அது ஒன்றுதான். அது போயிற்று. அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே எனக்கு முகமில்லை.

மனது கேட்கவில்லை. ஒருவேளை திரும்பவும் போக ஆரம்பித்திருப்பார்களோ என்ற நப்பாசை. அவர்கள் எல்லோரும் தோட்டத்தில் இருக்கிற காலை நேரமாகப் பார்த்து ஒருநாள் குட்டைக்குப் போனேன். லயனிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையில் புல் மண்டிவிட்டது. மணலில் ஒரு கால் தடம் இல்லை, ஒரு சோப்புத் தாள் இல்லை. பெண்கள் முன்பு குளித்த வளைவில், எப்போதும் கோரைக்குள்ளேயே ஒளிந்து திரியும் கானாங்கோழி வெட்டவெளிக்கு வந்திருந்தது. பின்னால் கரிக்கட்டை போலக் குஞ்சுகள். பக்கத்தில் ஒரு குருட்டுக்கொக்கு. நான் நிற்பதைப் பார்த்தும் ஒன்றும் பயப்படவில்லை. இந்தக் கரையில் இத்தனை பறவைகளை இவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதே இல்லை. திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். பைனாகுலரை எடுத்து, வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.