சித்தப்பா எடுத்துச் சொன்ன அம்மாவின் பேச்சு

இங்கிலீஷ் வகுப்பில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் நடத்திய, பொன்னேரியிலிருந்து வரும் டீச்சர், ஒருவர் பேசியதை எடுத்துச் சொல்லும்போது வார்த்தை மாறலாம், பொருள் மாறக் கூடாது என்றார். பாவம், அவர் எங்கள் மீனவக் குப்பத்துப் பஞ்சாயத்தைப் பார்த்ததில்லை. டச்சுக் கல்லறைப் பக்கம் கூடும் அந்த மகா சபையில் பெண்கள் பேசக் கூடாது. வீட்டு ஆண்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்பா செத்ததும், ஏரியில் வலை போட அவருக்கென்று ஒதுக்கிய முறை, அந்த நாளும் இடமும், எங்கள் வீட்டுக்கே வேண்டும் என்று அம்மா சித்தப்பாவிடம் சொல்லியிருந்தாள். ஆண் என்று எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த யோக்கியர்தான்.

"எங்க அண்ணி, மொறைய என்னியே வச்சிக்கச் சொல்றாங்க" என்று சபையில் எழுந்து எடுத்துச் சொன்னார் சித்தப்பா.

"நான் அப்டி சொல்லவே இல்ல" என்று பின்னால் நின்ற அம்மா கத்தினாள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பாவைக் கேட்டார்: "இன்னாடா சொல்றாங்க உங்க அண்ணி?"

"சம்மதம்னு சொல்றாங்க."