காரிடாரில் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள்

இறால் ஓடுகளை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் எழும் வாடை, மின்தூக்கிக் கதவு திறந்ததுமே எங்கள் தளம் வந்துவிட்டது என்று சொல்லிவிடும். அப்போது நாங்கள் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அப்பா, உடன் வேலை பார்த்த மலாய் நண்பர் கொடுத்த விதைகளை வைத்து, வாசலை ஒட்டிய “காரிடாரில்” பன்னிரண்டு தொட்டிகளில் “சிலி பாடி” வளர்த்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய மிளகாய். கடித்தால் காதுவரை எரியும். அதற்கு உரமாகத்தான், ஈரச் சந்தை மீன்காரரிடம் கேட்டு வாங்கிவந்த ஓடுகளின் அந்தத் தண்ணீர். பழுத்ததும் தளம் முழுக்கப் பங்கு போகும். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பத்து வயதுப் பெண்ணான என் வேலை.

அம்மாவுக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. “இது வீடா, மீன் மார்க்கெட்டா?” என்று கேட்டபடி, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். “காய்ப்பு முடியட்டும்லா,” என்பார் அப்பா. காய்ப்பு முடிந்ததேயில்லை.

ஒரு திங்கட்கிழமை எங்கள் கதவில் குடியிருப்பு நிர்வாகத்தின் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாடை பற்றிப் புகார் வந்திருப்பதால், தொட்டிகளை ஒரு வாரத்துக்குள் அகற்ற வேண்டுமாம். இரண்டு முறை படித்துவிட்டு அப்பா அடுத்த வீட்டைப் பார்த்தார். அங்கே காதர் மாமா இருந்தார். நாகூர்ப் பூர்வீகம், லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை. எங்கள் தொட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார். அதுபோதும் அப்பாவுக்கு. அன்றிலிருந்து மின்தூக்கியில் மாமா ஏறினால், அப்பா மாடி எண்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். மாமாவின் மகள் நூருடன் நான் விளையாடுவதற்கும் தடை வந்தது. செடிகள் போவதைவிட நூர் போவதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

ஞாயிறு காலை, அப்பா முதல் செடியைப் பிடுங்கக் கை வைத்தபோது, காதர் மாமா கடைத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“பிடுங்காதீங்க அண்ணே. புளோக் பின்னால தோட்டம் போடுறாங்கல்ல, அங்க உங்களுக்கு ஒரு பாத்தி கேட்டு வாங்கிட்டேன். வாங்க, ஏத்துவோம்.”

அப்பா திகைத்துப்போனார். “அப்ப புகார் குடுத்தது நீங்க இல்லையா?”

“நான் ஏன் குடுக்கிறேன்? எங்க வீட்டுச் சம்பலுக்கே உங்க மொளகாதான்லா.”

“அந்தக் கைக்குட்டை?”

“எனக்கு சைனஸ் அண்ணே. பஸ்ஸுல போனாலும் அதேதான்.”

சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்ற அம்மா, “நான்தாங்க போன் பண்ணேன்,” என்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார் அப்பா மெதுவாக.

“ஆறு மாசமா சொல்லிக்கிட்டுதானே இருந்தேன்.”

முதலில் சிரித்தது காதர் மாமாதான். அப்பா ஒரு தொட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, “ஒரு வாரமா மூஞ்சிய திருப்பிக்கிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க,” என்றார்.

“அப்படியா? கழுத்து சுளுக்குன்னுல நெனச்சேன்,” என்றார் மாமா.

நூரும் நானும் வண்டியின் பின்னால் ஓடினோம். திறந்தவெளியில் வாடை யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த மாதமே மாலை நேரங்களில் அம்மாவும் கீழே போய், அப்பாவோடு நின்று மிளகாய் பறிக்க ஆரம்பித்தார்.

பல ஆண்டுகள் கழித்து அந்த அடுக்குமாடிப் புளோக்கை இடித்துவிட்டார்கள். தோட்டமும் அதோடு போயிற்று. காதர் மாமா குடும்பம் தெம்பனிஸுக்கு மாறிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இப்போது பொங்கோலில் என்னோடு இருக்கிறார்கள். எங்கள் சன்னலோரத்தில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி, அதற்கு அம்மா தேர்ந்தெடுத்த, மணமே இல்லாத குருணை உரம். இந்தத் தளத்தில் எட்டு வீடுகள், எட்டுக் கதவுகளும் எப்போதும் சாத்தியே இருக்கின்றன. குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியும், கோபித்துக்கொள்ளும் அளவுக்கு இங்கே யாரையும் எங்களுக்குத் தெரியாது.