ராட்டினத்துக்குப் பக்கத்தில்

என் அக்கா சிரித்தால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மூன்று தெரு இருந்தது. இரண்டு தெரு வரைக்கும் கேட்டிருக்கும் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பா பூகோள வாத்தியார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் பாடுவாள். அக்காவுக்கு இருபத்தாறு வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்; காலையில் எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்துப் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். எனக்குப் பன்னிரண்டு. வாய் மட்டும் இருபத்தைந்து என்பாள் அம்மா.

அக்காவை முதலில் பார்க்க வந்தவர்கள் குரோம்பேட்டைக்காரர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பிஸ்கட்டைக் காபியில் நனைத்தார். அது ஊறி உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. அவர் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, யாரும் கவனிக்கவில்லை என்ற நம்பிக்கையில், இரண்டு விரலை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா கவனித்துவிட்டாள். பிறகென்ன, சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் விரல் டம்ளரிலேயே நின்றுவிட்டது. மறுநாள் பதில் வந்தது: பெண் நல்ல பெண், சிரிப்புதான் கொஞ்சம் சத்தம்.

அந்த ஒரு வார்த்தை ஊரைச் சுற்றியது. இரண்டாவது வரவிருந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. அக்காவின் சிரிப்பு கேட்டதும், படித்துக்கொண்டிருக்கும் பேப்பரைச் சரசரவென்று மடிப்பார். அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். இரண்டு வருஷத்தில் பேப்பர் மடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அக்கா உதட்டோடு சிரிக்கப் பழகிவிட்டாள். வீடு எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் தாம்பரத்துக்கே பொருட்காட்சி வந்தது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பொட்டல் வெளியில் கொட்டகை போட்டார்கள். அப்பளக் கடை, வளையல் கடை, மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரணக் கிணறு, கதர் ஸ்டால், எல்லாவற்றுக்கும் மேலே பனைமரத்தை எட்டிப் பார்க்கும் உயரத்தில் மரத்தால் செய்த ராட்டினம். பட்டணத்துப் பொருட்காட்சியில் கரண்டில் சுற்றுகிற ராட்டினம் உண்டு என்று பீற்றிக்கொள்வார்கள். எங்களுடையது ஆள் சுற்றுகிற ராட்டினம். அதன் அருமை கரண்டுக்குத் தெரியாது.

அம்மாவோடு பாடகர் குழுவில் பாடும் டீச்சர் ஒருவர் இருந்தார். பல்லாவரத்தில் ஒரு வரன் இருக்கிறது, வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதெல்லாம் வேண்டாம், பொருட்காட்சியில் தற்செயலாகப் பார்த்த மாதிரி பார்த்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. சனிக்கிழமை காலை பாட்டுப் பயிற்சிக்கு அம்மா போகாததால், கோயில் வாசலில் என்னைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார்.

"அம்மாகிட்ட சொல்லு. இன்னைக்கு நாலு மணிக்கு. ராட்டினத்துக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லு. மறந்துடாத."

நான் மறக்கவில்லை. ஒரு எழுத்து மாறாமல் வந்து சொன்னேன்.

மூன்றே முக்காலுக்கே நாங்கள் நால்வரும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அக்கா வெளிர்நீல வாயல் புடவை. அப்பா கோட்டு, குடை. அம்மா காலையிலிருந்து நாலு தடவை ஜெபம் பண்ணிவிட்டாள். "எது நடந்தாலும் சிரிக்காதடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வருவார்கள் என்று அவளுக்குக் கவலை. அக்கா சரி சரி என்று தலையாட்டினாள்.

நான் ராட்டினம் சுற்றும் ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை அப்படிப்பட்ட வேலையைப் பார்த்ததில்லை. நான்கு பெட்டிகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகள். இரண்டு ஆட்கள் அந்தக் கட்டைகளைப் பிடித்து மேலே ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் ஒரு கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பின் பாரத்தோடு இறங்குவார்கள். ராட்டினம் சுற்றும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கையை விட்டுவிட்டு மறுபடி ஏறுவார்கள். வழுக்கினால் எலும்பு மிஞ்சாது. அவர்களோ வெற்றிலையை மென்றபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறி இறங்கினார்கள்.

அவர்களைவிடப் பெரிய ஆள் கீழே நின்ற ராட்டினக்காரர். காதில் பீடி செருகிய ஒல்லி மனிதர். வரிசையில் வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, யார் எந்தப் பெட்டி என்று கை காட்டுவார். எதிரெதிர்ப் பெட்டிகளில் எடை சமமாக இருந்தால்தான் ஆட்களால் சுற்ற முடியும். தராசு கிடையாது. கண்தான். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

நாலரை ஆனது. ஐந்து ஆனது. யாரும் வரவில்லை. அம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, குடை நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். ஐந்தேகால் ஆனபோது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதல் ஆட்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இவர்களும் பார்க்கவே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அக்காதான் பேசினாள். "வரலைன்னா போறாங்கப்பா. வந்ததுக்கு ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமே. இவளும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறா."

அப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி என்று தலையசைத்தார். எங்கள் இருவரையும் ராட்டினக்காரரிடம் கொண்டுபோய் விட்டார். ராட்டினக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டும் பஞ்சு கணக்கா கீது. எதிர்ப்பெட்டில ரெண்டு பெரியம்மா குந்திகினு கீறாங்க, பாத்தியா? நீயும் ஏறினாத்தான் சக்கரம் சுத்தும்."

"நான் வரலைப்பா. வேற யாரையாவது ஏத்து."

"வேற யார் கீறா? ஏறு சார், எல்லாம் காத்துகினு கீறாங்க."

உண்மைதான். மற்ற மூன்று பெட்டிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். எதிர்ப்பெட்டிப் பெரியம்மாக்களில் ஒருவர், "ஏறுங்க சார், நாங்களே ஏறிட்டோம்" என்றார். அப்பாவுக்கு உயரம் ஆகாது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கூட எட்டிப் பார்க்க மாட்டார். உலகத்து மலைகளின் உயரத்தையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர், பக்கத்திலேயே இருக்கும் பச்சைமலைப் பக்கம் கால் வைத்ததில்லை. குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினார். எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்கள் ஏறினார்கள். பெட்டி தரையை விட்டுப் பின்பக்கமாக எழும்பியது.

பிற்காலத்தில் நான் ரோலர் கோஸ்டரிலும் போயிருக்கிறேன். கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பார்க்கில் என் மருமகள் விடாப்பிடியாக ஏற்றிவிட்டாள். தோளுக்கு மேல் இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டினார்கள். தலைகீழாகக் கவிழ்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல வேகம்தான், பிரமாதமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என் கண்ணெதிரே யாரும் தன் உடம்பைத் தொங்கவிட்டு என்னை மேலே தூக்கவில்லை.

உச்சிக்குப் போனபோது தாம்பரம் மொத்தமும் தெரிந்தது. ஓட்டுக் கூரைகள், கோயில் கோபுரத்துச் சிலுவை, ஏரித் தண்ணீர், செங்கல்பட்டுப் பக்கம் புகை விட்டுக்கொண்டு போகும் ரயில். நம் ஊர் இவ்வளவு அழகா என்று நான் அசந்து போனேன். அடுத்த நொடி பெட்டி இறங்கியது. வயிறு மேலேயே தங்கிவிட்டது. அக்காவிடமிருந்து சிரிப்பு வெடித்தது, பழைய சிரிப்பு, இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. பாதியிலேயே பழக்கதோஷத்தில் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா. கண்ணைத் திறக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"என்னப்பா?"

"சிரிம்மா. நீ சிரிச்சாத்தான் பொட்டி விழலைன்னு எனக்குத் தெரியுது. நிறுத்தாத, சிரி."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், எதிர்ப்பெட்டிப் பெரியம்மாக்களுக்குத் தொற்றி, தொங்கிக்கொண்டிருந்த ஆளுக்கும் தொற்றிவிட்டது. பின்னல் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பு யாருக்குக் கேட்டது?

மூன்றாவது சுற்றில் கீழே வரும்போது பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் டீச்சர். டீச்சருக்குப் பின்னால், நல்ல துணி உடுத்திய நாலு பேர். எல்லோரும் அண்ணாந்து எங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையை வாய்க்குக் குறுக்கே வைத்து வைத்து ஜாடை காட்டினாள்.

அக்காவும் பார்த்துவிட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது. பெட்டி ஏறியது. அப்பா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என்னாச்சும்மா? ஏதாவது அறுந்துடுச்சா?"

கீழே யார் நிற்கிறார்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரே வாயை மூடு என்றிருப்பார். அவள் சொல்லவில்லை. அப்பாவின் கை மேல் தன் கையை வைத்தாள். "ஒண்ணும் ஆகலைப்பா" என்று சொல்லிவிட்டு, பெட்டி உச்சியிலிருந்து இறங்கி அந்த நாலு பேரை நோக்கிப் போகும்போது, வாய் விட்டுச் சிரித்தாள். கீழே போகப் போக இன்னும் சத்தமாக. என் வாழ்நாளில் நான் பார்த்த தைரியமான காரியம் எது என்று கேட்டால் மரணக் கிணற்றுக்காரனைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இறங்கியதும் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லி வணங்கிக்கொண்டோம். அப்பாவை அக்காதான் தாங்கிப் பிடித்திருந்தாள். டீச்சர் என்மேல் பாய்ந்தார்.

"ராட்டினத்துக்குப் பக்கத்துலன்னு சொன்னேனா இல்லையா?"

"இதுதானே டீச்சர் ராட்டினம்."

"கதர் ஸ்டால்ல நூல் நூத்துக் காட்டுறாங்களே, அந்த ராட்டினம்டி. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்னுட்டு உங்களைத் தேடிக்கிட்டு வர்றோம்."

அவர் பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்பு எடுக்கிறவர். இருபது வருஷமாகக் கைராட்டினத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு ராட்டினம் என்றால் அது ஒன்றுதான். எனக்கும் ராட்டினம் ஒன்றுதான். எங்கள் இரண்டு பேரையும் குற்றம் சொல்ல முடியாது. மாப்பிள்ளை, ஸ்டாலில் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு வாங்கிய கதர்த் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவருடைய அம்மா அக்காவின் அவிழ்ந்த பின்னலையும், இடுப்பில் செருகிய முந்தானையையும் மேலும் கீழும் பார்த்தார். சோடா குடித்தோம். போய்விட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா வேலையிலிருந்து வந்து சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணை எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு" என்றார் டீச்சர். அம்மா கண்ணை மூடி மேலே பார்த்துக் கும்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். மாப்பிள்ளையோட அம்மா சொல்றாங்க, கல்யாணத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுடணுமாம். சார் ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமையே வந்து பேசி முடிச்சுடலாம்."

சமையலறையில் தோசைக் கரண்டி சத்தம் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். இப்போது மடிப்பார், சரசரவென்று மடிப்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா மடிக்கவில்லை. அப்படியே மடியில் இறக்கி வைத்தார்.

"அன்னைக்கு அவ சிரிச்சது நான் கேட்டதுனால டீச்சர். நான் பயந்து கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். சிரி சிரின்னு நான்தான் கெஞ்சினேன். கீழ நீங்க எல்லாரும் நிக்கிறதைப் பாத்துட்டும் அவ எனக்காகச் சிரிச்சான்னு சின்னவ சொன்னா. அதை விட்டுடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

டீச்சர் எழுந்து போனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது.

அப்பா பேப்பரை எடுத்து மறுபடி விரித்துக்கொண்டார். படிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"என்னம்மா, உன் சத்தத்தையே காணோம்?"